லிபரல் ஆர்ட்ஸ் பட்டம் வழியாகக் கட்டிடக்கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கட்டிடக்கலைக்குள் நுழைய ஐந்தாண்டு பி.ஆர்க். மட்டுமே வழி என்று பலர் நினைக்கிறார்கள். பல துறைகளையும் கலந்து படிக்கும் நான்காண்டு லிபரல் ஆர்ட்ஸ் பி.ஏ. படித்து, அதன் பிறகு எம்.ஆர்க். போய், உரிமம் பெற்றவர்கள் அங்கே ஏராளம். அந்த வழியைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பி.ஏ. கட்டிடக்கலைக்கும் பி.ஆர்க்.குக்கும் என்ன வித்தியாசம்?

பி.ஆர்க். தொழிற்பட்டம், அதாவது ஆர்க்கிடெக்ட் உரிமத்துக்குத் தகுதி தரும் பட்டம். ஐந்து ஆண்டுகளிலும் ஏறக்குறைய ஒவ்வொரு செமஸ்டரிலும் வடிவமைப்பு ஸ்டூடியோ (வரைந்தும் மாடல் செய்தும் பழகும் செயல்முறை வகுப்பு) இருக்கும். கட்டமைப்பு, கட்டுமானப் பொருள்கள், சூழல் தொழில்நுட்பம், தொழில் நடைமுறை எல்லாம் பாடத்திட்டத்திலேயே கட்டாயம். கார்னெல், கூப்பர் யூனியன், கார்னகி மெலன், சிரக்யூஸ், பிராட் ஆகியவை இவ்வகை.

பி.ஏ.யில் கட்டிடக்கலை ஒரு மேஜர் (முதன்மைப் பாடம்), அவ்வளவுதான். நான்கு ஆண்டில் எடுக்கும் முப்பது சொச்சம் பாடங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மேஜருக்குப் போகும். மீதியில் இலக்கியம், பொருளாதாரம், உயிரியல், ஒரு அந்நிய மொழி என்று எதுவும் வரலாம். மேஜருக்குள்ளேயும் ஸ்டூடியோவுக்கு இணையாக வரலாறும் கோட்பாடும் இருக்கும்.

இரண்டுக்கும் நடுவே பி.எஸ். கட்டிடக்கலை என்று ஒன்று உண்டு. மிச்சிகன், வர்ஜீனியா போன்ற பல்கலைக்கழகங்களில் இது நான்காண்டுப் படிப்பு. பி.ஏ.வை விட ஸ்டூடியோ அதிகம், ஆனால் இதுவும் தொழிற்பட்டம் அல்ல. பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இங்கேதான் குழப்பம் வருகிறது.

பி.ஏ. முடித்ததும் ஆர்க்கிடெக்ட் ஆகிவிடலாமா?

முடியாது. தொழிற்பட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு என்.ஏ.ஏ.பி. அது அங்கீகரிப்பது மூன்றே வகைப் பட்டங்கள்: பி.ஆர்க்., எம்.ஆர்க்., டி.ஆர்க். எவ்வளவு பெயர் பெற்ற பல்கலைக்கழகம் தந்தாலும் பி.ஏ.வும் பி.எஸ்.ஸும் அந்தப் பட்டியலில் வராது. யேல், பிரின்ஸ்டன் பி.ஏ.வுக்கும் இதே கதைதான்.

உரிமத்துக்கு மூன்று தேவை: அங்கீகாரம் பெற்ற பட்டம், மேற்பார்வையில் பெற்ற பணி அனுபவம், தேர்வு. அனுபவத் திட்டமான ஏ.எக்ஸ்.பி.யில் ஆறு பிரிவுகளில் மொத்தம் 3,740 மணி நேரம் காட்ட வேண்டும். தேர்வான ஏ.ஆர்.இ.யிலும் ஆறு தாள்கள். கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் அங்கீகாரப் பட்டம் இல்லாமலே கூடுதல் ஆண்டு அனுபவத்தைக் காட்டி உரிமம் பெற வழி இருக்கிறது. ஆனால் அந்த உரிமத்தை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றும்போது சிக்கல் வரும். வெளிநாட்டு மாணவருக்கு விசா காலமும் போதாது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

உரிமம் வரும்வரை உங்களை 'ஆர்க்கிடெக்ட்' என்று அழைத்துக்கொள்வது அங்கே சட்டப்படி குற்றம். வேலைக்கான சுயவிவரத்திலும் 'டிசைனர்' என்றுதான் போட வேண்டும்.

அப்படியென்றால் மொத்தம் எத்தனை வருடம்?

பி.ஆர்க். வழியில் படிப்பு ஐந்து வருடம். பி.ஏ. வழியில் நான்கோடு எம்.ஆர்க். சேர வேண்டும். எம்.ஆர்க். பொதுவாக மூன்று வருடம், ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் மூன்றரை. பி.ஏ.யில் போதுமான ஸ்டூடியோ எடுத்திருந்தால் சில பள்ளிகள் இரண்டு அல்லது இரண்டரை வருடமாகக் குறைக்கும். ஆக, ஆறு முதல் ஏழரை வருடம். பட்டத்துக்குப் பின் அனுபவமும் தேர்வும் சேர்ந்தால், கல்லூரிக்குள் கால் வைத்ததிலிருந்து உரிமம் கைக்கு வரச் சராசரியாகப் பதின்மூன்று ஆண்டுக்கு அருகில் ஆகிறது.

ரைஸ் பல்கலைக்கழகம் விதிவிலக்கு. அங்கே நான்காம் ஆண்டு முடிவில் பி.ஏ. கிடைக்கும். விரும்புகிறவர்கள் ஒரு வருடம் ஏதாவது ஒரு கட்டிடக்கலை அலுவலகத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து ஆறாம் ஆண்டில் பி.ஆர்க். முடிக்கலாம்.

இவ்வளவு நீளமான வழியை யார் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பதினேழு வயதில் 'எனக்குக் கட்டிடக்கலை பிடித்திருக்கிறது, ஆனால் அது மட்டும்தானா என்று தெரியவில்லை' என்கிற நிலையில் இருப்பவர்கள். இது தயக்கமல்ல, நேர்மையான பதில். பி.ஆர்க்.கில் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் வெளியேறினால், எடுத்த ஸ்டூடியோ கிரெடிட்டுகளை வேறு எந்த மேஜரும் அதிகம் ஏற்காது. ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டும். பி.ஏ.யில் இரண்டு ஸ்டூடியோ எடுத்துவிட்டு மனம் மாறினால் இழப்பு இரண்டு பாடங்கள் மட்டுமே.

இன்னொரு வகையினரும் உண்டு. நகரம், வீட்டுவசதி, காலநிலை, சமூக வரலாறு இவற்றின் வழியாகக் கட்டிடத்தைப் பார்ப்பவர்கள். இவர்களுக்கு சமூகவியல் வகுப்பும் பொருளாதார வகுப்பும் ஸ்டூடியோவுக்கு உரம். ஒரு வரைபடத்தை வாதமாகவும் ஒரு வாதத்தை வரைபடமாகவும் மாற்றத் தெரிந்த மாணவரை நல்ல எம்.ஆர்க். பள்ளிகள் தேடி எடுக்கின்றன.

முன்னுதாரணத்துக்குக் குறைவில்லை. அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ராபர்ட் வென்டூரி பிரின்ஸ்டனில் இளங்கலை படித்தவர். வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சின்னத்துக்கான 1981 போட்டியில் 1,400க்கும் மேற்பட்ட வடிவமைப்புகளில் வென்ற மாயா லின், அப்போது யேல் கல்லூரியில் இளங்கலை மாணவி, எம்.ஆர்க். பிறகுதான் படித்தார்.

வரைவதிலும் கட்டுவதிலும் மட்டுமே மனம் இருக்கிறது, கட்டுரை எழுதுவது தண்டனை போலத் தெரிகிறது என்றால் பி.ஆர்க். போங்கள். ஒரு செமஸ்டரில் மூன்று கட்டுரைகளும் ஒரு ஸ்டூடியோவும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்போது அந்த வெறுப்பு மதிப்பெண்ணில் தெரிந்துவிடும்.

எந்தக் கல்லூரிகளில் இருக்கிறது? எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

பெரிய பல்கலைக்கழகங்களுக்குள் யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பென்சில்வேனியா, பெர்க்லி. பார்னார்டும் கொலம்பியாவும் கட்டிடக்கலையைச் சேர்ந்தே நடத்துகின்றன. சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் வெல்லெஸ்லி, மவுண்ட் ஹோலியோக், ஆம்ஹர்ஸ்ட், மிடில்பரி, கனெக்டிகட் கல்லூரி, ஹோபார்ட் அண்ட் வில்லியம் ஸ்மித் முதலியன. பல இடங்களில் மேஜரின் பெயர் 'ஆர்க்கிடெக்சுரல் ஸ்டடீஸ்' என்றிருக்கும்.

தரவரிசையை மூடி வைத்துவிட்டுப் பாடப்பட்டியலைத் திறங்கள். முதலில் எண்ண வேண்டியது ஸ்டூடியோக்களை. நான்கு ஆண்டில் எத்தனை வடிவமைப்பு ஸ்டூடியோ எடுக்க முடியும்? நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் நல்ல நிலை. இரண்டுதான் என்றால் அது உண்மையில் கட்டிடக்கலை வரலாற்று மேஜர். அதிலும் தவறில்லை, தெரிந்து சேர வேண்டும். அடுத்து, அந்த ஸ்டூடியோ ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறதா? சிறிய கல்லூரியில் ஒரே பேராசிரியர் விடுப்பில் போனால் ஒரு வருடம் முழுக்க ஸ்டூடியோ இல்லாமல் போவது உண்டு. மூன்றாவது, ஒவ்வொரு மாணவருக்கும் நிரந்தர மேசை உண்டா, பட்டறை எத்தனை மணி வரை திறந்திருக்கும், லேசர் வெட்டும் எந்திரத்துக்கு எவ்வளவு வரிசை? சேர்க்கை அலுவலகம் இதையெல்லாம் சொல்லாது. இப்போது அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் கேளுங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பக்கத்துக் கல்லூரியில் பாடம் எடுக்கும் வசதியையும் பாருங்கள். வெல்லெஸ்லி மாணவிகள் எம்.ஐ.டி.யில் பாடம் எடுக்கலாம். ஆம்ஹர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், ஹாம்ப்ஷயர் ஆகியவற்றோடு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகமும் சேர்ந்தது ஐந்து கல்லூரிக் கூட்டமைப்பு. அந்த வளாகத்தில் அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க். துறையே இருக்கிறது.

என் கல்லூரியில் கட்டிடக்கலை மேஜரே இல்லை. எம்.ஆர்க். போக முடியுமா?

போகலாம். மூன்று வருட எம்.ஆர்க். இதற்காகவே வடிவமைக்கப்பட்டது, எந்தத் துறையில் இளங்கலைப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். இயற்பியல், தத்துவம், இசை படித்தவர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஓவியம், சிற்பம், கலை வரலாறு ஆகிய பாடங்களை எடுத்து, நான்கு முதல் ஆறு வாரம் நடக்கும் கோடைக்கால அறிமுகப் பயிற்சி ஒன்றையும் முடித்தால் விண்ணப்பத்துக்கு அடித்தளம் கிடைக்கும்.

நான்கு ஆண்டுகளை எப்படித் திட்டமிடுவது?

முதல் ஆண்டில் கால்குலஸ், இயற்பியல், வரைதல், கட்டிடக்கலை வரலாறு. கால்குலஸும் இயற்பியலும் மேஜருக்குக் கட்டாயமில்லாத கல்லூரிகள் உண்டு. அதனால்தான் பலர் அவற்றை விட்டுவிட்டு, நான்காம் ஆண்டில் எம்.ஆர்க். விண்ணப்பத்தைத் திறந்த பிறகு திடுக்கிடுகிறார்கள். பல எம்.ஆர்க். பள்ளிகள் இரண்டையும் முன்தேவையாக வைத்திருக்கின்றன. முதல் ஆண்டிலேயே முடித்துவிட்டால் தலைவலி இல்லை.

சில கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டில்தான் மேஜருக்குள் எடுப்பார்கள். ஸ்டூடியோ இடங்களும் குறைவு. தொடக்க ஸ்டூடியோவை இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டருக்குள் எடுத்தே தீர வேண்டும். தவறினால் அடுத்தடுத்த ஸ்டூடியோக்கள் எல்லாம் ஒரு வருடம் தள்ளிப் போகும். சங்கிலியில் ஒன்றுக்கு ஒன்று முன்தேவை. மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் வெளிநாடு போக நினைப்பவர்கள், போகும் இடத்தில் ஸ்டூடியோ உண்டா, அந்த கிரெடிட்டை மேஜருக்குக் கணக்கில் எடுப்பார்களா என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போகவும். கட்டமைப்புப் பாடம் உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் பொறியியல் துறையின் ஸ்டாடிக்ஸ் (விசைகளின் சமநிலை பற்றிய பாடம்) போதும்.

நான்காம் ஆண்டின் முதல் பாதி கடினமானது. ஆய்வேடோ இறுதித் திட்டமோ ஒரு பக்கம் (பிரின்ஸ்டனில் பி.ஏ. மாணவர் எல்லோருக்கும் ஆய்வேடு கட்டாயம்), டிசம்பர், ஜனவரியில் வரும் எம்.ஆர்க். கெடு மறுபக்கம். பட்டம் முடித்து ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. போர்ட்ஃபோலியோ (விண்ணப்பத்தோடு அனுப்பும் உங்கள் வேலைகளின் தொகுப்பு) முதிரும், சம்பளம் கொஞ்சம் சேரும், இந்தத் தொழிலின் அன்றாடம் பிடிக்கிறதா என்றும் தெரியும்.

ஸ்டூடியோவில் என்னதான் நடக்கும்?

வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் என்று அட்டவணையில் இருக்கும். அதற்கு வெளியே வாரத்துக்கு இன்னும் பன்னிரண்டு முதல் இருபது மணி நேரம் போகும். ஆசிரியர் உங்கள் மேசைக்கு வந்து வரைபடத்தின் மேல் வரைந்து பேசுவார். செமஸ்டர் நடுவிலும் முடிவிலும் ஜூரி: வெளியிலிருந்து வரும் ஆர்க்கிடெக்டுகள் முன் வேலையைச் சுவரில் மாட்டி விளக்க வேண்டும்.

தொடக்க மாணவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் கற்பனை அல்ல, பிளானும் செக்‌ஷனும் ஒத்துப்போகாததுதான். பிளான் மேலிருந்து பார்க்கும் தள வரைபடம், செக்‌ஷன் கட்டிடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் வரைபடம். மாடிப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் 3 மீட்டர் உயரம். ஒரு படியின் உயரம் 170 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றால் 18 ஏற்றங்கள் தேவை, ஒவ்வொன்றும் சுமார் 167 மில்லிமீட்டர். 18 ஏற்றத்துக்கு 17 மிதிபலகை. ஒவ்வொன்றும் 280 மில்லிமீட்டர் என்றால் நேர்ப்படிக்கு மட்டும் 4.76 மீட்டர் நீளம் வேண்டும். பிளானில் படிக்கு 3 மீட்டர் பெட்டியை வரைந்து அம்புக்குறி போட்டுவிட்டால், செக்‌ஷன் வரையும் இரவில்தான் படி கூரையை முட்டுவது தெரியும். ஜூரிக்கு முந்தைய நாள் அதைத் திருத்த முடியாது, ஏனென்றால் படி நகர்ந்தால் சுவர் நகரும், சுவர் நகர்ந்தால் அறை நகரும். பிளானையும் செக்‌ஷனையும் முதல் வாரத்திலிருந்தே ஒரே தாளில், ஒன்றின் மேல் ஒன்றாக வரையுங்கள்.

முன்பே நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டுமா? மென்பொருள்?

தேவையில்லை. முதல் ஸ்டூடியோ வரையத் தெரியாதவர்களை மனதில் வைத்தே நடத்தப்படுகிறது. அளவெடுத்துப் பார்த்து வரையும் பழக்கம் இருந்தால் போதும். மென்பொருளில் முப்பரிமாண மாடலுக்கான ரைனோவும் அடோபியின் இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைனும் முதலில் வரும். கட்டிட வரைபடங்களுக்கான ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் வேலைக்குப் போகும்போது கேட்பார்கள். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் ரெவிட் சொல்லித்தருவது அரிது, கோடை விடுமுறையில் நீங்களே படித்துக்கொள்ள வேண்டும்.

எம்.ஆர்க். போர்ட்ஃபோலியோவை எப்படித் தயாரிப்பது?

இருபது முதல் முப்பது பக்கம், நான்கைந்து திட்டங்கள். பக்க வரம்பும் கோப்பின் அளவு வரம்பும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆகவே இன்டிசைனில் ஒரு முதன்மைக் கோப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளிக்கும் தனி பி.டி.எஃப். எடுங்கள். வலுவான திட்டம் முதலில், அடுத்த வலுவானது கடைசியில். ஒவ்வொரு திட்டத்துக்கும் முடிவான படங்களோடு அங்கே வந்து சேர உதவிய ஓவியங்கள், சிதைந்த மாடல்கள், கைவிட்ட யோசனைகள் இரண்டு மூன்றையும் காட்டுங்கள். விளக்கம் அறுபது சொல்லைத் தாண்ட வேண்டாம். குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியாக வேண்டும். அலுவலகத்தில் செய்த வேலையைச் சேர்க்க அனுமதி வாங்க வேண்டும்.

புகைப்படம், சிற்பம், மரவேலை, துணி எதையும் சேர்க்கலாம். லிபரல் ஆர்ட்ஸ் மாணவர்கள் இங்கே தேவையில்லாமல் கூச்சப்படுகிறார்கள். ஒரு நல்ல வரைபடத் தொகுப்பையோ, ஒரு தெருவை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் வரைபடங்களையோ ஒரு திட்டமாகவே வைக்கலாம்.

போர்ட்ஃபோலியோவைக் கெடுப்பது பெரும்பாலும் மோசமான மாடல் புகைப்படம். செமஸ்டர் முடிந்ததும் ஸ்டூடியோவைக் காலி செய்வார்கள், மாடல் குப்பைக்குப் போகும். அதற்கு முன் ஒரு பகல் ஒதுக்குங்கள். நேரடி வெயில் விழாத ஜன்னல் பக்கம், பின்னால் மங்கலான சாம்பல் நிறத் தாள் வளைத்துப் போட்டு, முக்காலியில் கேமரா, ஃபிளாஷ் கூடாது, அபெர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 8 முதல் 11. ஒளி பக்கவாட்டிலிருந்து வந்தால்தான் ஆழம் தெரியும். மேலிருந்து ஒரு படம் போதும். மற்றவை மனிதக் கண் உயரத்தில் வேண்டும். கண் உயரம் 1.6 மீட்டர் என்றால், 1:50 மாடலில் லென்ஸின் மையம் தரையிலிருந்து 3.2 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும், 1:100 மாடலில் 1.6 சென்டிமீட்டரில். பெரிய கேமரா அவ்வளவு தாழ்வாக இறங்காது. மாடலை மேசை விளிம்பில் வையுங்கள், அல்லது கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து எடுங்கள்.

இரண்டு வருட எம்.ஆர்க்.குக்குத் தகுதி பெறுவது எப்படி?

பி.ஏ. பெயரில் 'கட்டிடக்கலை' இருந்தாலே கிடைத்துவிடாது. பொதுவாக நான்கு ஸ்டூடியோ, கட்டமைப்பு, சூழல் தொழில்நுட்பம், வரலாறு ஆகியவற்றின் பாடவிவரத்தையும் வேலையையும் பார்த்தே முடிவெடுப்பார்கள். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பி.டி.எஃப்.பாகச் சேமித்து வையுங்கள். மூன்று வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது. எம்.ஆர்க். பட்டத்துக்கு இளங்கலையும் முதுகலையும் சேர்த்துக் குறைந்தது 168 செமஸ்டர் கிரெடிட் வேண்டும் என்பது என்.ஏ.ஏ.பி. விதி என்பதால், கணக்கில் இடித்தால் பள்ளி கூடுதல் பாடம் எடுக்கச் சொல்லும்.

செலவு?

தனியார் கல்லூரிகளில் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். ஆனால் பி.ஏ. வழிக்கு ஒரு பெரிய சாதகம் இங்கே இருக்கிறது. யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட் போன்றவை வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் சேர்க்கை முடிவெடுத்து, சேர்ந்தவரின் தேவை முழுவதையும் உதவித்தொகையாகத் தருகின்றன. பி.ஆர்க். பள்ளிகளில் வெளிநாட்டு மாணவருக்கு இப்படி முழு உதவி கிடைப்பது அரிது.

மறுபக்கத்தையும் பாருங்கள்: எம்.ஆர்க்.குக்கு உதவித்தொகை பெரும்பாலும் பகுதியளவுதான். பி.ஏ. இலவசமாகக் கிடைத்தாலும் அடுத்த மூன்று வருடத்துக்குப் பணம் எங்கிருந்து என்பதை இப்போதே பேசிவிடுங்கள். கடன் வாங்க நேர்ந்தால், இந்தத் தொழிலின் தொடக்கச் சம்பளம் மென்பொருள் துறையை விடக் குறைவு என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வெளிநாட்டு மாணவர்கள் படிப்புக்குப் பின் வேலை செய்யலாமா?

எஃப்-1 மாணவர் விசாவில் ஒவ்வொரு பட்ட நிலைக்கும் பன்னிரண்டு மாத ஓ.பி.டி. (படித்த துறையில் வேலை செய்யும் அனுமதி) உண்டு, பி.ஏ.வுக்குப் பின் ஒரு முறை, எம்.ஆர்க்.குக்குப் பின் ஒரு முறை. கூடுதல் 24 மாதம் கிடைப்பது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்புக்கு மட்டும். கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உங்கள் படிப்புக்குக் கொடுத்துள்ள ஆறு இலக்கக் குறியீடு இதைத் தீர்மானிக்கும். கட்டிட அறிவியல், தொழில்நுட்பத்துக்குரிய 04.0902 ஸ்டெம் பட்டியலில் இருக்கிறது. பொதுவான கட்டிடக்கலைக்குரிய குறியீடு 04.0201. உங்கள் படிப்புக்கு எந்தக் குறியீடு, அது இப்போது பட்டியலில் உண்டா என்று சேரும் முன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். ஒரே பெயர் கொண்ட பட்டத்துக்குப் பள்ளிக்குப் பள்ளி குறியீடு மாறும்.

படிக்கும்போதே ஏ.எக்ஸ்.பி. மணி நேரம் சேர்க்கலாமா?

பள்ளிப் படிப்பை முடித்ததுமே சேர்க்கலாம். உரிமம் பெற்ற ஆர்க்கிடெக்ட் மேற்பார்வையில் கோடைக்கால வேலை கிடைத்தால் உடனே ஏ.எக்ஸ்.பி.க்கான கணக்கைத் தொடங்குங்கள். செய்த வேலையை எட்டு மாதத்துக்குள் பதிவு செய்தால் முழு மணி நேரமும் சேரும். தாமதித்தால், ஐந்து ஆண்டுக்குள் பாதிதான் கிடைக்கும். விசா மாணவர்கள் வேலைக்கு முன் வளாகத்துக்கு வெளியே பணியாற்ற அனுமதி வாங்க மறக்கக் கூடாது.

இந்தியா திரும்பினால் இந்தப் படிப்பு செல்லுமா?

1972 ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டப்பெயரைப் பயன்படுத்தலாம். நான்காண்டு பி.ஏ. அந்தப் பதிவுக்குப் போதாது. எம்.ஆர்க். விஷயத்திலும் கவனம் வேண்டும்: இங்கே எம்.ஆர்க். என்பது பி.ஆர்க். முடித்தவர்களுக்கான மேற்படிப்பு, அமெரிக்காவின் மூன்று வருட எம்.ஆர்க். முதல் தொழிற்பட்டம். பி.ஏ.வும் அந்த எம்.ஆர்க்.கும் சேர்ந்து பதிவுக்கு ஏற்கப்படுமா என்பதை, பல்கலைக்கழகப் பெயரையும் பட்டத்தின் முழுப் பெயரையும் குறிப்பிட்டு, முன்பணம் கட்டுவதற்கு முன் கவுன்சிலுக்கு எழுதிப் பதில் வாங்குங்கள். திரும்பி வந்து தனியாக அலுவலகம் வைப்பதுதான் உறுதியான திட்டம் என்றால், இங்கேயே பி.ஆர்க். முடித்துவிட்டு மேற்படிப்புக்கு வெளியே போவது சுலபமான வழி.

எம்.ஆர்க். போகாவிட்டால் பி.ஏ. வீணா?

இல்லை. நகரத் திட்டமிடல், நிலக்காட்சி வடிவமைப்பு, பாரம்பரியக் கட்டிடப் பாதுகாப்பு, அரங்க வடிவமைப்பு, கண்காட்சி வடிவமைப்பு, கட்டுமான மேலாண்மை, வீட்டுவசதிக் கொள்கை எல்லாவற்றுக்கும் இங்கிருந்து வழி இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு மேற்படிப்பு தேவைப்படும். கட்டிடக்கலை அலுவலகங்களும் பி.ஏ. பட்டதாரிகளை டிசைனராக எடுக்கின்றன. ஆனால் மென்பொருளும் போர்ட்ஃபோலியோவும் கையில் இல்லாமல் பட்டத்தை மட்டும் காட்டினால் நேர்காணல் வராது.

பள்ளி இறுதியாண்டில் இருக்கிறேன். இப்போது என்ன செய்யலாம்?

கணிதத்தையும் இயற்பியலையும் விடாதீர்கள். ஒரு நோட்டும் அளவு நாடாவும் வாங்கி, நீங்கள் தினமும் இருக்கும் அறையை அளந்து 1:50 அளவில் பிளானும் செக்‌ஷனும் வரையுங்கள். கதவு, ஜன்னல், சுவரின் தடிமன் எல்லாம் வர வேண்டும். பிறகு அதே அறையை அட்டையில் செய்யுங்கள். ஒரு மில்லிமீட்டர் அட்டை, இரும்பு அளவுகோல், புது பிளேடு. ஒரே வெட்டில் அறுக்கப் பார்த்தால் விளிம்பு கிழியும், கை நழுவும்; நான்கைந்து முறை லேசாக இழுங்கள். பல கல்லூரிகள் இளங்கலை விண்ணப்பத்தோடு கலைப் படைப்புகளையும் அனுப்ப அனுமதிக்கின்றன. அந்த வரைபடத்தையும் மாடலின் புகைப்படத்தையும் அதில் சேர்க்கலாம்.